ஊருக்குள் ஓட்டப் பழைய டீசல் கார் வாங்கலாமா?

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் பழைய கார் தேடிப் புறப்படுகிறவர்களில் பலர் இன்றும் டீசல் வண்டியைத்தான் முதலில் கேட்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் வரை நமக்குச் சொந்தபந்தமும் வியாபாரத் தொடர்பும் இருப்பதாலும், ஆரியங்காவு வழியாக ஏறுகிற வண்டிக்கு நல்ல இழுவை வேண்டும் என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதாலும், டீசல் என்றால் செலவு குறைவு என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருப்பதாலும் இந்த விருப்பம் எழுகிறது. வாகன உதிரிபாகக் கடையொன்றில் கணக்கும் இருப்பும் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, அப்படி வாங்கப்பட்ட வண்டிகள் பிறகு எந்தெந்தப் பாகங்களைத் தேடி வருகின்றன என்பதும் தெரியும். தினமும் மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடப்போகிற வண்டியாக இருந்தால் பழைய டீசல் கார் வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தை மைலேஜில் தேடக் கூடாது. எஞ்சின் முழுமையாகச் சூடாகிறதா என்பதில் தேட வேண்டும்.

டீசல் மலிவு என்ற நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் வலுவான ஆதாரம் இருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூன் மாதம் நீக்கப்பட்டது. டீசலுக்கோ அது 2014 அக்டோபர் வரை ஏதாவது ஒரு வடிவில் நீடித்தது. அந்த இடைவெளியில் இரண்டுக்கும் நடுவே லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் வேறுபாடு இருந்ததுண்டு, அதனால்தான் வீட்டுக்கு வீடு டீசல் கார் வந்தது. இப்போது தமிழ்நாட்டில் அந்த வேறுபாடு எட்டு, ஒன்பது ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கேரளத்தில் இரண்டு எரிபொருளுமே நம் பக்கத்தைவிட விலை கூடுதல். 2023 ஏப்ரல் முதல் அங்கே லிட்டருக்கு இரண்டு ரூபாய் செஸ் வேறு சேர்ந்தது. செங்கோட்டை பெட்ரோல் பங்குகளில் கேரளப் பதிவெண் வண்டிகள் டேங்கை நிரப்பிக்கொண்டு போவதை இங்கிருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 300 கிலோமீட்டர், அதாவது ஆண்டுக்கு 3,600 கிலோமீட்டர் ஓடுகிற குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் பெட்ரோல் கார் லிட்டருக்கு 13 கிலோமீட்டரும், அதே அளவுள்ள டீசல் கார் 17 கிலோமீட்டரும் தருவதாகவும், பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் 50 காசு என்றும் கொண்டால், ஆண்டுக்குப் பெட்ரோல் செலவு ஏறக்குறைய 28,000 ரூபாய், டீசல் செலவு ஏறக்குறைய 19,600 ரூபாய். மிச்சம் 8,400 ரூபாய். இது இல்லாத மிச்சம் என்று நான் சொல்லவில்லை. குறுகிய ஓட்டத்திலும் டீசல் எஞ்சின் குறைவாகத்தான் குடிக்கிறது. ஆனால் எஞ்சினுக்குள் டீசலைச் செலுத்தும் ஒரே ஒரு இன்ஜெக்டரோ, காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவோ போனால், அந்தப் பில்லை ஈடுகட்ட இந்த மிச்சம் எத்தனை ஆண்டு சேர வேண்டியிருக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இதே கணக்கில் ஆண்டுக்கு 42,000 ரூபாய் மிஞ்சும். அவர் டீசல் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது, அதைவிட முக்கியமாக, அவருடைய எஞ்சின் தினமும் நன்றாகச் சூடாகிவிடுகிறது.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைத்து எரிய விடுகிறோம். டீசல் எஞ்சினில் காற்றை மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளாக்கி, அந்த வெப்பத்திலேயே எரிபொருளைப் பற்ற வைக்கிறோம். எரிபொருளின் ஆற்றலில் பெட்ரோல் எஞ்சினைவிடக் கூடுதலான பங்கை இழுவையாக மாற்றிவிடுவதால் டீசல் எஞ்சினில் வீணாகிற வெப்பம் குறைவு. மைலேஜ் கூடுவதும் அதனால்தான், எஞ்சின் தாமதமாகச் சூடாவதும் அதனால்தான். டேஷ்போர்டில் வெப்பநிலை முள் நடுவுக்கு வந்துவிட்டால் எஞ்சின் தயாராகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த முள் காட்டுவது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டை மட்டுமே. ஆயில் சூடாவதற்கு அதற்கு மேலும் சில கிலோமீட்டர் ஆகும், சைலன்சர் பக்கம் போகும் புகை போதிய சூட்டை எட்டுவதற்கு எஞ்சினுக்குச் சுமையும் கிடைக்க வேண்டும். காலையில் வாசலில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் விட்டு வைத்தால் போதும் என்ற எண்ணமும் சரியில்லை, ஏனென்றால் ஐடிலில் நிற்கிற டீசல் எஞ்சின் மிகக் கொஞ்சமாகவே எரிக்கிறது, மிகக் கொஞ்சமாகவே சூடாகிறது. டீசலைச் செலவழித்துக் கரியைச் சேர்த்ததுதான் மிச்சம்.

அடுப்பு நன்றாகப் பிடிக்கும் முன்பே விறகை இழுத்து அணைத்தால் கரியும் புகையும் மிஞ்சுவது போன்றதுதான் மூன்று கிலோமீட்டர் ஓட்டம். எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலில் கலக்கிறது. சூடான எஞ்சினில் அது ஆவியாகி வெளியேறிவிடும், சூடாகாத எஞ்சினில் தங்கிவிடும். புகையில் ஒரு பகுதியை மறுபடியும் எஞ்சினுக்குள் திருப்பி அனுப்புகிற இஜிஆர் வால்வின் வழியாக வரும் கரியும், எஞ்சினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவியும் காற்று நுழையும் பாதையில் ஒன்றாகச் சேர்ந்து படிகின்றன. தென்காசியில் எங்கள் கடைக்குப் பழக்கமான ஒர்க்‌ஷாப் ஒன்றில் காற்று நுழையும் அப்படிப்பட்ட ஒரு குழாய்த் தொகுதியை, அதாவது இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கே இடம் இருந்தது. சுவரில் ஒட்டியிருந்ததை ஸ்குரூ டிரைவரால் சுரண்டியபோது, ஈரமான கரிய பசை சுருள் சுருளாக வந்தது. எஞ்சின் இழுக்கவில்லை, இன்ஜெக்டர் போய்விட்டது என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட வண்டி அது. இன்ஜெக்டரில் எந்தக் கோளாறும் இல்லை.

இதுவரை சொன்னவை எல்லா நவீன டீசல் எஞ்சின்களுக்கும் பொருந்தும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியின் கீழ் வந்த வண்டிகளில் இதற்கு மேல் டிபிஎஃப் என்ற கரிவடிகட்டி சேர்ந்துகொள்கிறது, பழைய வண்டி வாங்குகிறவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய பாகம் இதுதான். சைலன்சர் பாதையில் இருக்கும் இந்த வடிகட்டி, புகையிலுள்ள நுண்கரியைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது புகை போதுமான அளவுக்குச் சூடாகி, பிடித்த கரியில் ஒரு பகுதி தானாகவே எரிந்துவிடும். அப்படி எரியாமல் கரி கூடிக்கொண்டே போனால், எஞ்சினின் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைத் தாமதமாகச் செலுத்தி, வடிகட்டியின் வெப்பத்தை ஏறக்குறைய 600 டிகிரிக்கு உயர்த்தி, கரியை எரித்து வாயுவாக்குகிறது. இதை ரீஜெனரேஷன் என்கிறார்கள். எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்து, வண்டியும் நிற்காமல் பதினைந்து, இருபது நிமிடம் ஓடினால்தான் இது முழுமையாக முடியும்.

பள்ளிக்கூட வாசலுக்கும் சந்தைக்கும் போய் வருகிற வண்டியில் ஒன்று இது தொடங்கவே தொடங்காது, அல்லது தொடங்கிய சில நிமிடங்களில் நாம் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். ஐடிலில் எஞ்சின் வேகம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடியிருப்பது, டேஷ்போர்டு காட்டும் மைலேஜ் திடீரென்று குறைவது, வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் பலமாகச் சுற்றுவது, சூடான இரும்பு வாடை வருவது ஆகியவை ரீஜெனரேஷன் நடந்துகொண்டிருப்பதற்கான அடையாளங்கள். பாதியில் அணைத்தால் அதற்காகச் செலுத்தப்பட்ட டீசலில் ஒரு பகுதி எரியாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலுக்குள் இறங்குகிறது. அடுத்த நாள் கம்ப்யூட்டர் மறுபடியும் முயல்கிறது, மறுபடியும் நாம் அணைக்கிறோம், மறுபடியும் டீசல் இறங்குகிறது. ஆயில் நீர்த்துப்போய், டர்போவின் பேரிங்குக்கும் கிராங்க் பேரிங்குக்கும் வேண்டிய பிசுக்கு அதில் இல்லாமல் போகிறது.

இலஞ்சியில் இருக்கும் என் சித்தப்பா, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பார்த்து வைத்திருந்த வண்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2021ஆம் ஆண்டின் டீசல் எஸ்யூவி, ஒரே உரிமையாளர், முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, வெளியே ஒரு கீறல் இல்லை. பேத்தியைப் பள்ளியில் விடவும், தென்காசிக்குக் காய்கறி வாங்கப் போகவும், எப்போதாவது கொல்லத்தில் இருக்கும் தங்கையைப் பார்த்து வரவும்தான் அவருக்குக் கார் தேவைப்பட்டது. வாங்குவதற்கு முன் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை வரவழைத்தோம். மெக்கானிக் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மறுபடி செருகி எடுத்தார். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரலளவு உயரத்தில் நின்றது. நுனியிலிருந்து தண்ணீர் மாதிரி சொட்டியது, மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை அடித்தது. "அண்ணாச்சி, ஆயில் குறையலைன்னு சந்தோஷப்படாதீங்க, கூடியிருக்கு பாருங்க" என்றார் அவர். ஓடுகிற எஞ்சினில் ஆயில் சிறிதளவு குறைவதுதான் இயல்பு, கூடுவதற்கு வேறெதுவோ உள்ளே வந்து சேர வேண்டும். அந்த வண்டியின் உரிமையாளர் வீட்டுக்கும் கடைக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் அதைப் பயன்படுத்தி வந்தார் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. சித்தப்பா அதை விட்டுவிட்டு, டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றை எடுத்தார்.

ஆகையால் மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டும் பழைய டீசல் வண்டி என்றால் நான் கூடுதலாகச் சந்தேகப்படுவேன். விற்பவர்கள் இதைப் பெரிய சிறப்பாகச் சொல்வார்கள், பெட்ரோல் வண்டியில் ஓரளவுக்கு அது சிறப்பும்கூட. டீசலில் அந்தக் கிலோமீட்டர் எப்படிச் சேர்ந்தது என்பதுதான் முக்கியம். திருநெல்வேலிக்குத் தினமும் போய் வந்து தொண்ணூறாயிரம் ஓடிய வண்டியின் எஞ்சின், தெருவுக்குள்ளேயே சுற்றி இருபத்தைந்தாயிரம் ஓடிய வண்டியின் எஞ்சினைவிடச் சுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு வாதம் வரும். "மலை பக்கத்திலேயே இருக்கிறது, வாரம் ஒரு முறை ஆரியங்காவு வரை ஏற்றி இறக்கினால் எல்லாம் எரிந்துவிடும்" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சினுக்குச் சுமை கிடைக்கிறது, சுமையில்தான் புகை நன்றாகச் சூடாகிறது. ஆனால் புளியரையிலிருந்து மாநில எல்லையிலுள்ள கோட்டைவாசல் வரையுள்ள ஏற்றம் குறுகியது; அதற்குள் எஸ் வளைவில் பாரம் ஏற்றிய லாரிகளின் பின்னால் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருப்போம். எல்லையைத் தாண்டியதும் தென்மலை வரை பெரும்பாலும் இறக்கம். கியரில் வைத்து இறங்கும்போது இன்ஜெக்டர்கள் டீசலே செலுத்துவதில்லை. வெறும் காற்று எஞ்சின் வழியாகப் போய் வடிகட்டியைக் குளிரச் செய்கிறது. தென்மலையிலிருந்து திரும்பி ஏறுகிற வழிதான் எஞ்சினுக்குப் பயன்படும். அதிலும் கார்த்திகை தொடங்கித் தை வரை ஐயப்ப பக்தர்களின் வண்டிகளும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் சாரலுக்கு வருகிறவர்களின் வண்டிகளும் சாலையை நிறைத்திருக்கும் நாட்களில் சீரான ஓட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வடிகட்டியைச் சுத்தப்படுத்துவதுதான் நோக்கம் என்றால், மேற்கே மலையேறுவதைவிடக் கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிச் சாலையில் மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுவது மேல். அப்படி மாதம் இரண்டு, மூன்று முறை வேறு வேலையாகவே போகிறவர் என்றால் டீசல் வண்டி அவரிடம் நன்றாக இருக்கும். வடிகட்டிக்காக மட்டும் அப்படிப் போகிறவர், மிச்சப்படுத்திய டீசலை அதிலேயே எரித்துவிடுகிறார்.

பிஎஸ் 6க்கு முந்தைய விதியான பிஎஸ் 4 காலத்து வண்டிகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் கட்டாயமான அந்த விதியின் கீழ் வந்த சிறிய டீசல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு டிபிஎஃப் கிடையாது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல நிறுவனங்களின் கார்களில் ஓடிய ஃபியட்டின் 1,248 சிசி எஞ்சினை இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே அழைத்தார்கள். அதன் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும், கைவைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் எந்த ஊரிலும் இருப்பார். 2020இல் மாருதி டீசலையே நிறுத்திவிட்டதால் இவற்றில் மிகப் புதியதுகூட இப்போது பழையதுதான். குறுகிய ஓட்டத்தை இந்த வண்டிகள் ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்ளும். இஜிஆர் அடைப்பும், சில வண்டிகளில் டர்போவின் உள்ளிதழ்கள் கரியால் இறுகுவதும், ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால் டைமிங் செயின் தளர்வதும் இவற்றிலும் உண்டு. குறைந்த விலையில் நல்ல வண்டி கிடைத்து, அவ்வப்போது நீண்ட பயணமும் இருந்தால், டீசல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறவருக்கு நான் பிஎஸ் 4 வண்டியையே சொல்வேன். பதிவுச் சான்றிதழின் பதினைந்து ஆண்டுக் காலத்தில் எவ்வளவு மீதம் என்பதை மட்டும் ஆர்சியில் பார்த்துவிட வேண்டும்.

கேரளப் பதிவெண் வண்டி விலை குறைவாகத் தெரிவதும் இங்கே அடிக்கடி நடப்பது. அந்த மாநிலத்து ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்றான என்ஓசி வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் வரி கட்ட வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் வாங்கியே ஆக வேண்டும். இந்தச் செலவைச் சேர்த்த பிறகே விலையை ஒப்பிட வேண்டும்.

பெட்ரோல் வண்டிக்குக் குறுகிய ஓட்டம் நல்லது என்று யாரும் எண்ண வேண்டாம். அதன் ஆயிலிலும் நீர் சேரும், பேட்டரியும் சரியாக சார்ஜ் ஆகாது. ஆனால் அது விரைவில் சூடாகிறது, டர்போ இல்லாத எளிய எஞ்சினாக இருந்தால் கெட்டுப்போகக்கூடிய விலையுயர்ந்த பாகங்களும் குறைவு. வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இருந்தால், சூடாக வேண்டிய எஞ்சினே இல்லாத மின்சாரக் கார் இத்தகைய ஓட்டத்துக்கு எல்லாவற்றையும்விடப் பொருத்தம்.

ஏற்கெனவே பிஎஸ் 6 டீசல் வைத்திருந்து ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள், பத்தாயிரம் கிலோமீட்டர் வரட்டும் என்று காத்திராமல் ஆண்டுக்கு ஒரு முறையாவது, முடிந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஆயிலை மாற்றிவிட வேண்டும். கையேட்டில் சொல்லியிருக்கும் குறைந்த சாம்பல் தரும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அது வடிகட்டியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். வடிகட்டி விளக்கு எரிந்தால் அன்றே வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். விளக்கை அலட்சியம் செய்தால் எஞ்சின் வேகத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், பிறகு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டித்தான் எரிக்க வேண்டியிருக்கும், அதற்கும் மசியாவிட்டால் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்வதோ மாற்றுவதோ தவிர வழியில்லை. வடிகட்டியை உடைத்து எடுத்துவிட்டு வெறும் குழாயாக ஆக்கித் தருகிறோம் என்று சிலர் சொல்வதை ஒருபோதும் ஏற்காதீர்கள்: அது சட்டத்துக்கு விரோதம், பள்ளி வாசலில் நிற்கிற குழந்தைகளின் மூச்சில்தான் அந்தக் கரி போய்ச் சேரும்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய டீசல் வாங்குவதென்று முடிவு செய்தால், பார்க்கப் போகும் நாளில் வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டில் கைவைத்துக் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் சுற்றிப் பிடிக்கிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது, ஆயில் மூடியைத் திறந்தால் எவ்வளவு ஆவி அடிக்கிறது என்று கவனியுங்கள். டிப்ஸ்டிக்கை நீங்களே உருவி, மட்டத்தையும் வாடையையும் பாருங்கள். பிஎஸ் 6 வண்டியாக இருந்தால் மெக்கானிக்கைக் கொண்டு ஸ்கேனர் மாட்டி, வடிகட்டியில் கரி எவ்வளவு, கடைசி ரீஜெனரேஷன் முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது, பாதியில் நின்ற முயற்சிகள் பதிவாகியிருக்கின்றனவா என்று அந்த வண்டி காட்டுகிற அளவுக்குப் படிக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் பில்களில் கிலோமீட்டரோடு தேதிகளையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு ஆயில் மாற்றங்களுக்கு நடுவே இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தால் அந்த வண்டி வேண்டாம். கடைசியாக, புளியரை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஒரு முறை இழுத்துப் பார்த்து, திரும்பி வந்து எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை இன்னொரு முறை உருவிப் பார்த்த பிறகே விலை பேசத் தொடங்குங்கள்.